விற்கப் பிறந்த ஊர்

வேந்தன் மாய்ந்தபோது பாணர் யாழை ஒதுக்கி வைத்து அழுதனர். வள்ளல் மாய்ந்தபோது அவன் முன்றிலில் உண்டு களித்த புலவர் கையற்று நின்று பாடினர். அழுவதற்கு ஆள் இருந்தவனுக்கே கையறுநிலை வாய்த்தது. ஊர் ஒன்று மாய்ந்தால் பாடுவது யார்? அதுவும், அடிமையாய்ப் பிறந்த ஒருவர், தன்னைத் தானே விலை கொடுத்து மீட்டுக்கொண்டு, மக்களையும் பேரக்குழந்தைகளையும் ஒவ்வொருவராய் மீட்பதற்கென்றே உண்டாக்கிய ஊர் மாய்ந்தால்? அவர் முன்றிலில் பாணர் வந்து உண்டதில்லை. அவரைப் பாடியவர் பத்திர எழுத்தரும் மாவட்டப் பதிவாளருமே. விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், விலை, நாள், சாட்சி. இவ்வைந்தே அவர் மீது பாடிய பாட்டின் உறுப்புகள்.

இல்லினாய் மாநிலத்தின் மேற்கோரத்தில், மிசிசிப்பிப் பேராற்றுக்குக் கிழக்கே ஏறக்குறைய 20 மைல் தொலைவில், பைக் மாவட்டத்து ஹாட்லி வட்டத்தில் இருந்தது அவ்வூர். பெயர் நியூ ஃபிலடெல்ஃபியா. 1836-இல் அதை அளந்து, வரைபடம் தீட்டி, முறைப்படி பதிவு செய்தவர் பிராங்க் மெக்வொர்ட்டர். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பு கறுப்பினத்தவர் ஒருவர் திட்டமிட்டுச் சட்டப்படி பதிந்த முதல் ஊர் அதுவே என்று வரலாற்றாசிரியர் கூறுவர். 42 ஏக்கர் நிலம், 144 மனைகள், மனை ஒவ்வொன்றும் 60 அடிக்கு 120 அடி. நடுவே குறுக்கும் நெடுக்கும் ஓடிய இரு பெருந்தெருக்களுக்கு 80 அடி அகலம் விட்டிருந்தார். மற்றத் தெருக்களுக்கு 60 அடி. பின்சந்துகளுக்கு 15 அடி. கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளியாய்க் கிடந்த இடத்தில், தன் வீட்டாரையன்றி வேறு குடியே அரிதாயிருந்த காலத்தில், 80 அடித் தெருவை ஒருவர் மனத்தில் கண்டார் என்றால் அந்த அகலத்தை அளந்த கோல் நிலம் அளக்கும் கோல் மட்டும் அன்று. இரு வண்டி எதிரெதிரே வந்தாலும் இடிக்காமல் திரும்ப வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கிறார். வண்டிகளும் வந்தன, திரும்பியும் போயின. இன்று அத்தெருவில் புல்லைத் தவிர வேறு குடியில்லை.

அவர் பிறந்தது 1777, தென் கரோலைனாவின் யூனியன் மாவட்டத்தில். தாய் ஜூடா, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடத்திக் கொண்டுவரப்பட்டவர். தந்தை, அந்தத் தாயை உடைமையாக வைத்திருந்த ஜார்ஜ் மெக்வொர்ட்டரே என்பது குடும்பம் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. ஆய்வாளரும் அதை ஏற்பர். பெற்ற மகன் பெருகிய சொத்தாகக் கணக்கில் ஏறினான். 1795-இல் அவ்வுடைமையாளர் கென்டக்கியின் புலாஸ்கி பகுதிக்குக் குடிபெயர்ந்தபோது, காடு திருத்த அந்தப் பதினெட்டு வயது இளைஞரையும் உடன் கொண்டு சென்றார். அங்கே, 1799-இல், பக்கத்துப் பண்ணையின் அடிமைப்பெண் லூசியைப் பிராங்க் மணந்தார். மணந்தார் என்று நாம் எழுதலாம். கென்டக்கியின் சட்டம் அப்படி எழுதாது. அச்சட்டத்தின் ஏட்டில் லூசி ஒரு பண்ணையின் பொருள், பிராங்க் மற்றொரு பண்ணையின் பொருள். பிறக்கும் பிள்ளைகள் தாயை உடையவனின் பொருள். மனையறம் நடந்ததெல்லாம் அந்த ஏட்டுக்கு வெளியேதான்.

உடைமையாளருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு, எஞ்சிய நேரத்தின் உழைப்பைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று அந்நாளில் சில அடிமைகளுக்கு வாய்த்தது. பிராங்க் அதைப் பற்றிக்கொண்டார். 1812-இல் பிரிட்டனோடு போர் மூண்டது. கடல் வழியே வந்த சரக்கு நின்றது. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்புக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. கென்டக்கியின் குகைகளுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. பிராங்க் ஒரு வெடியுப்புப் பட்டறையை நிறுவினார்.

வெடியுப்புக் காய்ச்சுவது எளிய தொழில் அன்று. சுண்ணாம்புப் பாறைக் குகைகளின் ஒளி புகா ஆழத்தில் கிடக்கும் வறண்ட மண்ணில்தான் அவ்வுப்பின் மூலம் உண்டு. பந்தம் பிடித்து உள்ளே நுழைந்து மண்ணை வெட்டிச் சுமந்து வரவேண்டும். மரத்தொட்டிகளில் அதைக் கொட்டி மேலே தண்ணீர் விட, மண்ணின் சாரத்தை இழுத்துக்கொண்டு நீர் அடியில் சொட்டும். சொட்டிய நீரை விறகுச் சாம்பலின் ஊடே வடிக்க வேண்டும். சாம்பற்காரம் சேர்ந்தால்தான் சுண்ணம் பிரிந்து விழுந்து வெடியுப்பு நீரில் தங்கும். பிறகு இரும்புக் கொப்பரையில் ஏற்றி, சுண்டச் சுண்டக் காய்ச்சி ஆறவிட்டால், ஊசி ஊசியாய் உப்புப் பூக்கும். பகலெல்லாம் உடைமையாளரின் வயல். யாமத்தில் இந்தக் குகையும் கொப்பரையும். புகையில் கண் எரிய எரிய அவர் சேர்த்த காசுக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதும் இல்லை. பொருள் என்று எழுதப்பட்டவனுக்குப் பொருள் ஏது? உடைமையாளர் ஒருநாள் மனம் மாறி, 'எல்லாம் எனது' என்றிருந்தால் தட்டிக் கேட்க நாதியில்லை. சட்டத்தின் துணையின்றி, நா பிறழாத ஒரு வாக்கை மட்டும் நம்பி, ஒருவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்தார்.

சேர்ந்தது 800 டாலர். அதைக் கொண்டு அவர் வாங்கியது தன்னை அன்று.

1817-இல் பிராங்க் லூசியை வாங்கினார். இங்கே சற்று நின்று போக வேண்டும். நாற்பது ஆண்டு அடிமையாய்க் கிடந்தவர், தன் கையாலேயே தன் விலங்கை அறுக்கும் விலையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை மனையாளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் மீண்டும் குகைக்குள் போனார். ஏன்? லூசி அப்போது கருவுற்றிருந்தார். தாய் அடிமையாயின் சேயும் அடிமை. தாய் விடுதலை பெற்றவளாயின் சேயும் விடுதலையோடு பிறக்கும். தந்தையின் நிலைக்கு அச்சட்டத்தில் இடமே இல்லை. எந்தச் சட்டம் ஜூடாவின் மகனை அடிமையாக்கியதோ அதே சட்டத்தின் இடுக்கில் நுழைந்து அவர் ஒரு வழி கண்டார். அவ்வாண்டு பிறந்த மகன் ஸ்குவையர், அக்குடும்பத்தில் விலையின்றிப் பிறந்த முதல் பிள்ளை. காதலென்றும் ஈகையென்றும் இதை நாம் புகழலாம், புகழத்தான் வேண்டும். எனினும் அதற்கடியில் ஒரு கணக்கு இருந்தது என்பதையும் மறைக்கலாகாது: ஒருவரின் விலையில் இருவர் மீண்டனர். அன்பு கணக்குப் பார்க்காது என்று சொல்பவர், தம் பிள்ளைக்கு விலை குறிக்கப்பட்டதைக் கண்டறியாதவர்.

தன்னை அவர் வாங்கிக்கொண்டது 1819-இல். விலை அதே 800 டாலர். அதன்பின் அவர் பெயர் 'ஃப்ரீ பிராங்க்'. பெயரின் முன்னே ஒரு சொல் கூடியதன்றிப் பின்னே குடிப்பெயர் ஏதும் வரவில்லை. விடுதலை பெற்ற தாய்க்கு ஸ்குவையரை அடுத்துக் கொமடோரும் லூசி ஆனும் பிறந்தனர். முன்பு பிறந்த மக்களோ இன்னும் பிறர் உடைமையாகவே இருந்தனர். ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவருள் மூத்தோர் அடிமை, இளையோர் அடிமையல்லர். மூத்தோருள் தந்தையின் பெயரையே தாங்கிய மகன் கனடாவுக்குத் தப்பி ஓடியிருந்தான். ஓடியவன் அங்கே நலமாகவே இருந்தான். ஆனால் திரும்பி வந்து தாயின் முகத்தில் விழித்தால் பிடித்துக்கொள்வார்கள். 1829-இல், தன் வாழ்வாதாரமான வெடியுப்புப் பட்டறை முழுவதையும் அம்மகனுக்கு ஈடாகக் கொடுத்தார் பிராங்க். கைவசம் இல்லாத ஓர் ஆளை விற்ற உடைமையாளருக்கு நல்ல பேரம். பட்டறை போயிற்று, மகன் வீடு திரும்பினான்.

1830-இல் அவர்கள் கென்டக்கியை விட்டுப் புறப்பட்டனர். பிராங்க், லூசி, மீட்கப்பட்ட மகன், விடுதலையோடு பிறந்த மூவர். ஜூடா, சாலி, சாலமன் என்ற மக்கள் பின்னே நின்றனர். நம் பாலைப் பாட்டில் தலைவன் பொருள்வயிற் பிரிந்து போவான்; பொருள் கொணர்ந்தால் இல்லம் பொலியும். இவர்களும் பொருள்வயிற் பிரிந்தவர்களே. பொருள் கொணர்ந்தால்தான் பெற்ற பிள்ளை பொருளாயிருப்பது ஒழியும். பாட்டியின் பெயரைத் தாங்கிய மகளை அவ்வழியனுப்புதலில் விட்டுச் சென்ற லூசியின் நெஞ்சை எழுத என் கை துணியவில்லை.

1831 வேனிலின் தொடக்கத்தில் அவர்கள் ஹாட்லியை அடைந்தனர். அங்கே நிலையாகக் குடியேறிய முதல் குடும்பம் அதுவே. முன்பின் பாராத நிலத்தை ஒரு கென்டக்கி மருத்துவரிடம் விலை பேசி வாங்கியிருந்தார் பிராங்க். அந்தப் பகுதி முழுவதும், 1812 போரில் பொருத வீரருக்குப் பரிசாக அரசு ஒதுக்கிய நிலப்பரப்பு. எந்தப் போர் அவருக்கு வெடியுப்பு விலையைத் தந்ததோ அந்தப் போரே அவர் கலப்பை ஊன்றிய மண்ணையும் விலைக்குக் கொணர்ந்தது. அம்மண்ணுக்கு முன்பே உரியவர் இருந்தனர். சாக், கிக்கபூ முதலிய தொல்குடியினர் அங்கிருந்து மேற்கே தள்ளப்பட்டுக்கொண்டிருந்தனர். மறுவருடமே சாக் தலைவர் பிளாக் ஹாக் தம் மக்களோடு திரும்பி வந்து பொருது தோற்றார். ஓர் ஊரின் சாவுக்கு அழ வந்த இடத்தில், அவ்வூரின் பிறப்புக்கு முன்னே நடந்த சாவையும் சொல்லாமற் போவது முறையாகாது.

இல்லினாய் விடுதலை நிலம் என்று பெயர். பெயரை நம்பி வந்தவர்க்கு அதன் 'கறுப்பர் சட்டங்கள்' காத்திருந்தன. குடியேற 1,000 டாலர் பிணை கேட்கும் சட்டம் உண்டு. வாக்குரிமை இல்லை. வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றில் சாட்சி சொல்ல இயலாது, சொன்னாலும் செல்லாது. ஆற்றுக்கு அப்பால், அடிமை முறை நிலைத்த மிசௌரியின் ஹானிபல் நகரில் அடிமைகளை விற்றனர், வாங்கினர். பின்னாளில் மார்க் டுவெய்ன் என்று உலகறிந்த சிறுவன் அந்நகரத் தெருக்களில் ஓடி வளர்ந்த ஆண்டுகளில்தான், ஆற்றின் இக்கரையில் பிராங்கின் ஊர் வளர்ந்தது. ஆறலை கள்வர் பொருளைப் பறிப்பர். அந்தக் கரையோரத்துக் கள்வரோ ஆளையே பறித்து அக்கரைக்குக் கடத்தி விற்றனர். பறிபோனவர் தன் விடுதலையைத் தன் வாயால் மெய்ப்பிக்கச் சட்டத்தில் வழி இல்லை.

இத்தனைக்கும் நடுவே உழுதார், விதைத்தார், கால்நடை வளர்த்தார். 1835-இல் கென்டக்கி சென்று 550 டாலருக்குச் சாலமனை மீட்டு வந்தார். போகும் வழியில் தானே பிடிபடலாம் என்பதை அறிந்தே போனார். ஆயினும் வயலின் வரவு மட்டும் கொண்டு எஞ்சிய எல்லாரையும் மீட்பதற்குள் தன் ஆயுள் முடிந்துவிடும் என்று அவர் கண்டிருக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. மறு ஆண்டுதான் நிலத்தை மனைகளாக அறுத்தார்.

ஆக, நியூ ஃபிலடெல்ஃபியா எதற்காகப் பிறந்தது என்பதில் ஐயமே இல்லை. மன்னர் ஊர் அமைத்தது தம் பெயர் நிலைக்க; வணிகர் அமைத்தது சரக்கு விலைபோக. இவர் அமைத்தது விற்றுத் தீர்ப்பதற்கு. மனை விற்ற காசில் மக்களை வாங்குவதே நோக்கம் என்பதைச் சட்டமன்றத்துக்குப் போன விண்ணப்பமே சொல்லிற்று. அவருக்குச் சொத்து வாங்கவும் விற்கவும் வழக்காடவும் முழு உரிமை தந்து, மெக்வொர்ட்டர் என்ற குடிப்பெயரையும் அவருக்கு உரியதாக்கி, 1837-இல் இல்லினாய் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அந்த மன்றத்தின் உறுப்பினருள் ஆபிரகாம் லிங்கன் என்ற இளைஞரும் ஒருவர். எழுதப் படிக்கக் கல்லாத ஒரு முதியவர், தான் வாக்களிக்க முடியாத மன்றத்தைக் கொண்டே தனக்கு ஒரு சட்டம் எழுதுவித்தார். தன்னை உடைமையாக வைத்திருந்தவரின் பெயரே அவருக்குக் குடிப்பெயர் ஆயிற்று என்பது அதன் மறுபக்கம்.

மனைகளை வாங்கியவர் கறுப்பரும் வெள்ளையரும். ஊரில் எப்போதும் வெள்ளையரே மிகுதி. இதை முதலில் அறிந்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. எண்ணிப் பார்த்தால் வியப்பதற்கு ஏதுமில்லை. விற்க வந்தவர் வாங்குபவரின் நிறம் பார்த்தால் சாலியின் விலை எப்போது சேரும்? கொல்லர் வந்தார், சக்கரம் செய்வோர் வந்தனர், தச்சர், செருப்புத் தைப்பவர், கடைக்காரர், சமயப் போதகர் வந்தனர். சில ஆண்டுகள் அஞ்சலகமும் இருந்தது. சுற்றுவட்டத்து உழவர் கலப்பைக் கொழு தீட்டவும் குதிரைக்கு லாடம் அடிக்கவும் அங்கே வந்தனர். 1865-இல், ஊர் தன் உச்சத்தில் இருந்தபோது, ஏறக்குறைய 160 பேர் அங்கே வாழ்ந்தனர். சிற்றூர்தான். ஆயினும் அன்றைய அமெரிக்காவில், கறுப்பர் நிலத்தில் கறுப்பரிடம் மனை வாங்கி வெள்ளையர் அண்டை வீட்டாராய் வாழ்ந்த ஊர்கள் எத்தனை?

அதற்காக அதைப் பொன்னுலகாகப் புனைந்துரைப்பதும் பிழை. போருக்குப் பின்வந்த ஆண்டுகளில் அவ்வூர்ப் பள்ளியில் இரு நிறத்துப் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்து எழுத்துப் பழகினர். ஆனால் இறந்தபின் கறுப்பர் ஓர் இடுகாட்டிலும் வெள்ளையர் வேறொன்றிலும் கிடந்தனர். பலகையில் அருகருகே இருந்தவரை மண் பிரித்து வைத்தது. மண்ணா பிரித்தது?

சாலமனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 550 டாலருக்கு மீட்கப்பட்ட அம்மகன், 1867-இல் இனிப்புச்சோளச் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கும் கொப்பரை ஒன்றை வகுத்து அமெரிக்க அரசிடம் காப்புரிமை பெற்றார். நம் ஊரில் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகையைக் கண்டவர்க்கு அத்தொழிலின் நுட்பம் விளங்கும்: தீ மிகுந்தால் பாகு கருகும், குறைந்தால் நீர்த்துப் போகும், நுரை பொங்குமுன் வழித்தெடுக்க வேண்டும். தந்தை குகையில் உப்புக் காய்ச்சினார். மகன் வயலில் இனிப்புக் காய்ச்சினார். தந்தையின் கொப்பரையில் விளைந்தது விலை. மகனின் கொப்பரை மகனுக்கே உரிமையாயிற்று.

பிராங்க் 1854-இல் மறைந்தார். அகவை எழுபத்தேழு. அப்போதும் கணக்கு முடியவில்லை. பேரக்குழந்தைகள் சிலர் இன்னும் கென்டக்கியில் இருந்தனர். நிலம் விற்று அவர்களை மீட்குமாறு உயில் எழுதி வைத்துப் போனார். மைந்தர் அதை நிறைவேற்றினர். பிராங்கும் லூசியும் உள்ளிட்டு நான்கு தலைமுறை, பதினாறு பேர். மொத்த விலை ஏறத்தாழ 14,000 டாலர். ஐய, பிறர் வைத்துப் போன உயில்களில் இதற்கு நிகர் ஏது? மாந்தர் தம் மக்களுக்கு நிலம் விட்டுச் செல்வர். நீயோ நிலம் விட்டு மக்களைக் கொணர்ந்தாய்.

லூசி அம்மையார் கணவருக்குப் பின்னும் பல்லாண்டு இருந்தார். உள்நாட்டுப் போர் முடிந்ததைக் கண்டார். நாடு முழுதும் அடிமைமுறை ஒழிந்ததைக் கண்டார். இரும்புப் பாதை தம் ஊரை விலகிப் போனதையும் கண்ட பின்னரே கண் மூடினார்.

அதைச் சொல்லும் இடம் வந்துவிட்டது. 1869-இல் ஹானிபல்–நேப்பிள்ஸ் இரயில் பாதை போடப்பட்டது. கிழக்கேயிருந்து மேற்கே வரும் பாதை, நியூ ஃபிலடெல்ஃபியாவை நெருங்கும்போது வடக்கே வளைந்து, ஊருக்கு ஏறக்குறைய ஒரு மைல் தள்ளிச் சென்று, தாண்டியபின் மீண்டும் கீழே இறங்கிற்று. மேடு பள்ளம் அதற்குக் காரணமன்று, கறுப்பர் நிறுவிய ஊர் என்பதே காரணம் என்பது அவ்வூரை அகழ்ந்த தொல்லியலாளர் கிறிஸ்டோபர் ஃபென்னலின் வாதம். வரைபடத்தை விரித்து அந்த வளைவைப் பார்த்தால் எனக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. இரும்புப் பாதையே, ஆற்றுக்கு வளைவாய், மலைக்கு வளைவாய். புல்வெளியில் எதைக் கண்டு வளைந்தாய்? 80 அடித் தெரு வைத்து உனக்காகக் காத்திருந்தாரே!

அன்றைய நடுமேற்கு அமெரிக்காவில் இரயில் ஒதுக்கிய ஊருக்குத் தனிச் சாவு வேண்டியதில்லை. உழவன் தானியத்தை நிலையம் உள்ள ஊருக்கே ஓட்டிப் போவான். தானியம் போன இடத்துக்குக் கடைக்காரன் போவான். கடை போன இடத்துக்குக் கொல்லன் போவான். இரயில் தொட்ட அண்டை ஊர்களான பேரியும் பேலிஸும் வளர்ந்தன. நியூ ஃபிலடெல்ஃபியாவில் வீடு ஒவ்வொன்றாய்ப் பூட்டப்பட்டது. 1885-இல் ஊரின் ஒரு பெரும்பகுதி சட்டப்படியே நீக்கப்பட்டது. மனைகள் மீண்டும் ஏக்கராயின. தெருவைக் கலப்பை உழுதது. அடுத்த நூற்றாண்டிலும் சில குடும்பங்கள் அங்கே நிலைத்திருந்தன. அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அவையும் போயின. போர் எரித்த ஊருக்கு ஒரு நாள் உண்டு. வெள்ளம் கொண்ட ஊருக்கு ஒரு நாள் உண்டு. இவ்வூருக்கு நினைவுநாள் கொண்டாடவும் ஒரு நாள் இல்லை.

பிறகு அதை மீட்க வந்தவர் இரு திறத்தார். ஒருவர் குடியில் பிறந்தவர். பிராங்குக்குப் பின் நான்காம் தலைமுறையில் பிறந்த வரலாற்றாசிரியர் ஜூலியட் வாக்கர், 1983-இல் தம் முன்னோரின் வாழ்வை ஆய்ந்து நூலாக்கினார். விற்பனைப் பத்திரங்களையும் விடுதலைச் சீட்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்தி, பாணர் செய்யாத பணியை அவர் செய்தார். மற்றத் திறத்தார் 2002 முதல் அவ்வயலில் வரிசையாய் நடந்த தொல்லியலாளர். உழுத மண்ணில் குனிந்த தலை நிமிராமல் நடந்து, பீங்கான் ஓடோ ஆணியோ கண்ணில் பட்ட இடமெல்லாம் சிறு கொடி நட்டனர். நட்டு முடித்து நிமிர்ந்தபோது கொடிகள் கொத்துக்கொத்தாய் நின்றன. கொத்து நின்ற இடம் வீடு. வெறுமை கிடந்த இடம் தெரு. பழைய வரைபடத்தை மேலே வைத்தபோது பொருந்திற்று. தோண்டியபோது சுண்ணாம்புக்கல் அடித்தளங்கள், நிலவறைகள், கிணறு, பொத்தான், பிள்ளைகள் விளையாடிய கோலிக்குண்டு வெளிப்பட்டன. கறுப்பர் வீட்டுக் கிண்ணத்துக்கும் வெள்ளையர் வீட்டுக் கிண்ணத்துக்கும் பெரிதாய் வேறுபாடு காண முடியவில்லை. உடைந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு இது எந்த நிறத்தார் உண்ட கலம் என்று சொல்ல எந்த வல்லுநராலும் ஆகவில்லை.

2009-இல் அந்த வயல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயிற்று. 2022 டிசம்பரில் தேசிய வரலாற்றுத் தலம் ஆயிற்று. காண வருவோர்க்குக் காட்ட அங்கே சுவர் இல்லை, தூண் இல்லை, கோபுரம் இல்லை. புல்லைச் சுட்டி இது கொல்லன் பட்டறை, இது கடை என்று சொல்கிறார்கள். அரசு தன் காவலில் எடுத்துக்கொண்டது ஓர் இன்மையை. நன்றே. ஆயினும் அந்தப் புல்லில்தான் ஊரைத் தேட வேண்டும் என்பதை நான் முழுதும் ஒப்பவில்லை.

இரயில் கொண்டுபோனது எஞ்சியதைத்தான். அதற்கு வெகு முன்பே அந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாய்த் தெற்கே போய்க்கொண்டிருந்தது. மனை விற்ற பணமும் மாடு விற்ற பணமும் விளைச்சல் விற்ற பணமும் பிராங்கின் சட்டைப்பையில் கென்டக்கிக்குப் பயணம் செய்து, அங்கே யார் யார் வீட்டுப் பெட்டிகளிலோ சேர்ந்தன. ஒரு குடும்பம் நாற்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த செல்வத்தில் பள்ளிக்கூடம் எழுந்திருக்கலாம், ஆலை எழுந்திருக்கலாம், இரயிலையே விலை பேசி அழைத்திருக்கலாம். அக்காலத்தில் பல ஊர்கள் பணம் திரட்டித்தான் பாதையைத் தம் பக்கம் இழுத்தன. இவர்கள் பணம் பிள்ளைகளின் விலைக்குப் போயிற்று. 1865 டிசம்பரில் அமெரிக்க அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் நிறைவேறியது. அன்றிலிருந்து கென்டக்கியில் எந்த மனிதருக்கும் விலை கிடையாது. பிராங்க் இறந்து பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. அதற்கு முன்னே விலை கொடுத்து மீட்கப்பட்ட பதினாறு பேரின் பணத்தை, விற்றவரும் அவர் வழிவந்தவரும் வைத்துக்கொண்டனர். எவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.